தோட்டத்து யோசனைக்கு ராயல்டி வாங்குவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், கடையில் விற்காத ஏதாவது ஒரு கருவி கண்ணில் படும். பழைய டயரை அறுத்துத் தைத்த தோள்பட்டையாக இருக்கலாம். மழைத்தண்ணீர் மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், இறங்காதபடி ரப்பர் பால்மரத்தில் கட்டிய பிளாஸ்டிக் பாவாடையாக இருக்கலாம். செம்பனை உதிரிப்பழம் பொறுக்கக் கம்பியை வளைத்துச் செய்த கூடையாக இருக்கலாம். செய்தவர் யார் என்பது பக்கத்து லயத்துக்காரருக்குத்தான் தெரியும். நாளைக்கு அதே சாமான் ஹார்ட்வேர் கடையில் தொங்கினாலும், செய்தவர் போய்க் கேட்க எந்த வழியும் இருக்காது.

அந்தக் கேட்கும் வழியை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உரிமம் கொடுப்பது என்றால் இவ்வளவுதான்: கண்டுபிடிப்பு உங்கள் பெயரில் பதிவாகி இருக்கும். அதைச் செய்து விற்கும் வேலையை ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். விற்கும் ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு ஒரு பங்கு வரும், அதுதான் ராயல்டி. நீங்கள் தொழிற்சாலை வைக்க வேண்டாம், லோரி வாங்க வேண்டாம், கடையிடம் கடன் பாக்கி கேட்டு அலைய வேண்டாம்.

தூங்கும்போதும் காசு வரும் என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது பாதி உண்மை. காசு வரத் தொடங்கிய பிறகு வேலை குறைவு. தொடங்கும் வரைக்கும் வேலை நிறைய. சூப்பர் சோக்கர் என்ற தண்ணீர்த் துப்பாக்கியைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியியலாளர் லோனி ஜான்சனுக்கு அந்த யோசனை வந்தது 1982-இல். லராமி என்ற பொம்மை நிறுவனத்துக்கு அவர் உரிமம் கொடுத்தது 1989-இல். நடுவில் ஏழு வருடம் போயிருக்கிறது. நமக்கும் அவ்வளவு ஆகும் என்று சொல்லவில்லை. ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்கிறேன்.

நம் மக்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருந்தும், கையில் கிராண்டு என்ற நிலப்பட்டா இல்லாததால் தோட்டம் கைமாறியபோது மூட்டை கட்டிய குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். யோசனை விஷயமும் அப்படித்தான். இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றையே கண்டுபிடித்தால், மலேசியச் சட்டம் பதிவுக்கு யார் முதலில் மனுப் போட்டார் என்றுதான் பார்க்கும். யார் முதலில் நினைத்தார் என்று பார்க்காது.

முதலில், அது உங்களுடையதுதானா?

பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தோட்டத்திலோ மில்லிலோ தொழிற்சாலையிலோ சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இங்கேதான் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

கண்டுபிடிப்புக்குக் கொடுக்கும் பதிவுரிமைதான் காப்புரிமை, ஆங்கிலத்தில் பேட்டண்ட். 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்வது இது. கண்டுபிடிப்பதற்காகவே உங்களை வேலைக்கு வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை முதலாளிக்கு. கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை, ஆனால் முதலாளியின் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றை, அவர் கொடுத்த கருவியையோ தகவலையோ வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்றால், அப்போதும் உரிமை முதலாளிக்கே போகும். ஆனால் நியாயமான ஊதியம் கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பேசி முடியவில்லை என்றால் எவ்வளவு என்று நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

இதை நடைமுறையில் பார்ப்போம். மில்லில் ஃபிட்டராக இருக்கும் ஒருவர், மில்லின் வெல்டிங் மெஷினில், மில்லின் இரும்பை வைத்து, வேலை நேரத்தில் குலை இறக்கும் கொக்கி ஒன்றைப் புதிதாகச் செய்கிறார். அதைத் தன் பெயரில் பதிவு செய்தால் பின்னால் வழக்கு வரலாம். அதே ஆள் வீட்டுப் பின்கட்டில், சொந்தக் காசில், சமையலறைக்குத் தேங்காய் துருவும் கருவி ஒன்றைச் செய்தால் மில்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே வேலை நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். கண்டுபிடிப்பு, அறிவுசார் சொத்து என்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள். சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் செய்தீர்கள் என்று காட்டச் சாமான் வாங்கிய ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

மகனோ மகளோ கல்லூரிப் புரொஜெக்டாகச் செய்து தருகிறேன் என்றாலும் இதே எச்சரிக்கைதான். ஈப்போவில் உங்கு ஒமார் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் நல்ல பட்டறைகள் உண்டு. ஆனால் அங்கே செய்ததற்கு யார் உரிமையாளர் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசையை உரிமைக்கோரிக்கையாக மாற்றுவது

வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. வியாபாரத் திட்டம், விளையாட்டு விதி, கணக்குமுறை ஆகியவற்றுக்கும் கிடையாது. ஒரு பொருள் எப்படி அமைந்திருக்கிறது, அல்லது ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதற்குத்தான் கிடைக்கும்.

உதிரிப்பழத்தையே எடுத்துக்கொள்வோம். குலையிலிருந்து உதிர்ந்த பழத்தில் எண்ணெய் அதிகம். அதை விட்டுவிட முடியாது. குனிந்து குனிந்து பொறுக்கினால் இடுப்பு போய்விடும். வாரிக் கூட்டினால் மண்ணும் சருகும் சேர்ந்து வரும், மில்லில் முகம் சுளிப்பார்கள். "குனியாமல் உதிரிப்பழம் பொறுக்கும் கருவி" என்று எழுதினால் அது ஆசை. இப்படி எழுதிப் பாருங்கள்: "நீண்ட கைப்பிடியின் முனையில் தரையில் உருளும் கம்பிக்கூடை. கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பழத்தின் பருமனைவிடச் சற்றுக் குறைவு; கம்பி நெகிழ்ந்து பழத்தை உள்ளே விடும், வெளியே விடாது. கூடைக்குள் சாய்வாகப் பொருத்திய ஒரு சல்லடைத் தகடு. கூடை உருளும்போது பழம் ஒரு பக்கம் சேரும், மண்ணும் சருகும் தகட்டின் வழியாகக் கீழே கொட்டிவிடும்." இப்போது பேச ஒரு பொருள் இருக்கிறது. எனக்கு உரிமை வேண்டியது இன்னதற்குத்தான் என்று மனுவில் இப்படி எழுதும் வரிதான் உரிமைக்கோரிக்கை.

அடுத்தது தேடுவது. உருளும் கம்பிக்கூடையால் வால்நட்டும் ஆப்பிளும் பொறுக்கும் கருவிகள் வெளிநாட்டில் நெடுநாளாக விற்கின்றன. அப்படியென்றால் நம் உதாரணத்தில் கூடை புதிதல்ல. உள்ளே இருக்கும் சல்லடைத் தகடு புதிதா என்பதுதான் கேள்வி. இந்தத் தெளிவு தேடாமல் வராது. கூகுள் பேட்டண்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டண்ட்ஸ்கோப் ஆகிய மூன்றும் இலவசம். கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். சொற்களை மட்டும் போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும், ஏனென்றால் ஒரே சாமானை ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒவ்வொரு பெயரில் எழுதுவார்கள். அதனால் காப்புரிமைகளை வகைவகையாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். தரையில் கிடக்கும் விளைச்சலைச் சேகரிக்கும் கருவிகள் A01D 51 என்ற எண்ணில் இருக்கும். பால்மரம் வெட்டும் கத்தி, மங்கு, பால் வடியும் தகடு எல்லாம் A01G 23/10 என்ற எண்ணிலும் அதையடுத்த எண்களிலும் கிடைக்கும். படங்களைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். மொழி புரியாவிட்டாலும் கருவி புரியும். தேடியதில் உங்களுடையதே கிடைத்துவிட்டால் மனம் உடைய வேண்டாம். செலவுக்கு முன்பே தெரிந்தது நல்லது. அதில் என்ன குறை இருக்கிறது என்று பார்த்தால் அடுத்த யோசனையே அங்கிருந்து வரலாம்.

வாயை மூடிக்கொள்ளும் காலம்

காப்புரிமைக்குப் பொருள் புதிதாக இருக்க வேண்டும். அதாவது மனுப் போடும் நாளுக்கு முன் உலகத்தில் எங்கும் வெளிப்பட்டிருக்கக் கூடாது. நீங்களே டிக்டாக்கில் போட்ட வீடியோவும் வெளிப்பாடுதான். திருவிழாச் சந்தையில் இரண்டு விற்றாலும் வெளிப்பாடுதான். தோட்டத்தில் பத்துப் பேர் முன்னால் ஓட்டிக் காட்டினாலும் அப்படியே.

மலேசியச் சட்டம் இதில் ஒரு சலுகை தருகிறது. மனுப் போடுவதற்கு முன் ஓராண்டுக்குள் உங்கள் செயலால் வெளிப்பட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காது. ஆனால் சீனாவும் ஐரோப்பாவும் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. அங்கே உரிமை போனது போனதுதான். இந்தச் சலுகையை ஆபத்துக்கு உதவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பட்டறை அண்ணனிடம் வெல்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒரு பக்க இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். "என்ன தம்பி, என்னை நம்பலையா?" என்று கேட்பார். "நம்பிக்கை இருக்குண்ணே, மனுவுக்கு இந்தத் தாள் வேணும்" என்று சொல்லுங்கள். நல்லவர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அமெரிக்க வீடியோக்களில் "புரொவிஷனல் மனு போடு, குறைந்த செலவில் 12 மாதம் பாதுகாப்பு" என்று சொல்வார்கள். அது அவர்கள் நாட்டு ஏற்பாடு. மலேசியாவில் அப்படி ஒரு மனு கிடையாது. இங்கே முழு மனுவாகத்தான் போட வேண்டும்.

எந்தப் பதிவு உங்களுக்குப் பொருந்தும்?

மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. மனுவை இணையத்திலேயே போடலாம். மலாய் அல்லது ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

காப்புரிமைக்கு ஆயுள் மனுப் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு. பொருள் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாததாகவும் இருக்க வேண்டும். தோட்டத்துக் கண்டுபிடிப்புகளில் பல இந்த இரண்டாவது சோதனையில்தான் விழும், ஏனென்றால் அவை இருக்கும் கருவியைச் சீர்படுத்தியவை. அதற்காகவே யூட்டிலிட்டி இன்னோவேஷன் என்ற இன்னொரு சான்றிதழ் இருக்கிறது. தெரிந்த பொருளில் புதிய முன்னேற்றம் இருந்தால் போதும். ஒரே ஒரு உரிமைக்கோரிக்கைதான் எழுதலாம். முதலில் 10 ஆண்டு. பிறகு மலேசியாவில் அது தொழிலில் பயன்பட்டு வருகிறது என்று காட்டி ஐந்து ஐந்து ஆண்டாக இரண்டு முறை நீட்டிக்கலாம். நம் வட்டாரத்துக்காரருக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கதவைத்தான். பெருமைக்காகக் காப்புரிமை மனுப் போட்டு நிராகரிப்புக் கடிதம் வாங்குவதைவிட, கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் நிறுவனத்திடம் பேச முடியும்.

பொருளின் தோற்றம்தான் புதிது, வேலை செய்யும் விதம் பழையது என்றால் தொழில் வடிவமைப்புப் பதிவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து 25 ஆண்டு வரை போகும். மசாலாத்தூள், முறுக்கு என்று வீட்டில் செய்து விற்பவர்களுக்கு இவை எதுவும் வேண்டாம்: கலவை அளவை இரகசியமாக வையுங்கள், பெயரை வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்யுங்கள். அது 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கக்கூடியது, அதையும் உரிமம் கொடுக்கலாம்.

மனுப் போட்டவர்கள் அடிக்கடி மறப்பது பரிசோதனைக் கோரிக்கை. மனுப் போட்ட நாளிலிருந்து 18 மாதத்துக்குள் முழுப் பரிசோதனைக்குத் தனியாகக் கேட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். கேட்காவிட்டால் மனு கைவிடப்பட்டதாக ஆகிவிடும். நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

பதிவு பெற்ற காப்புரிமை முகவர் வேண்டுமா? மலேசியாவில் குடியிருப்பவர் தானே மனுப் போடச் சட்டம் இடம் தருகிறது. அரசுக் கட்டணத்தைவிட முகவர் கட்டணம்தான் பெரிது. ஆனாலும் காசைச் சேமிக்க வேண்டுமானால் படம் வரைவதில், தேடுவதில் சேமியுங்கள்; உரிமைக்கோரிக்கையை எழுதும் இடத்தில் முகவருக்குக் கொடுங்கள். அங்கே ஒரு சொல் குறுகலாக விழுந்தால், போட்டியாளர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

செம்பனைக் கருவி என்றால் இந்தோனேசியாவை நினைக்காமல் இருக்க முடியாது. உலகில் அதிகம் உற்பத்தி செய்யும் நாடு அதுதான். மலேசிய மனுப் போட்டு 12 மாதத்துக்குள் அங்கே போட்டால் முதல் மனுவின் தேதியே செல்லும். இங்கே மனுப் போட்டு இரண்டு மாதம் ஆவதற்கு முன், அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் போடக் கூடாது என்பதும் சட்டம்.

யாரிடம் போவது?

மனுப் போட்ட பிறகு வாயைத் திறக்கலாம். பெரிய பெயர்களைத் தேடி ஓட வேண்டாம். ஊர் ஹார்ட்வேர் கடையில் இப்போது விற்கும் செம்பனை அரிவாள், கம்பு, தள்ளுவண்டி ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் முகவரியைப் பாருங்கள். கடைக்கார டவுக்கேயிடம் எந்த மொத்த வியாபாரி சரக்குப் போடுகிறார், எந்தச் சாமானுக்குக் குறை சொல்லி ஆட்கள் திருப்பிக் கொண்டு வருகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அவர் சொல்வதை எந்தச் சந்தை ஆய்வும் சொல்லாது. ஈப்போ, கிள்ளான், பினாங்கு பக்கத்துச் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகள்தான் நமக்கு ஏற்றவை. அங்கே முடிவெடுப்பவரையே நேரில் பார்த்துப் பேசலாம். நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி அந்த நிறுவனத்தின் விவரத்தையும் எடுத்துப் பாருங்கள்.

ஆராய்ச்சி நிலையங்களே இந்த வழியில்தான் போகின்றன. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய சந்தாஸ் என்ற மோட்டார் அறுவடைக் கருவி 2007-இல் சந்தைக்கு வந்தது. அதைச் செய்து விற்றது தனியார் நிறுவனம். வாரியம் தன் தொழில்நுட்பங்களைத் தொழில்துறைக்குக் கைமாற்றுவதற்கென்றே கருத்தரங்கு நடத்துகிறது. அங்கே வருபவர்கள் யார் என்று கவனித்தாலே உங்கள் பட்டியல் பாதி தயார். மலேசியக் கண்டுபிடிப்பு, வடிவமைப்புச் சங்கம் கோலாலம்பூரில் நடத்தும் ஐடெக்ஸ் கண்காட்சியும் உண்டு. பதக்கம் நல்லதுதான், ஆனால் மனுப் போட்ட பிறகு போங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியது ஒரு பக்கத் தாள்: ஒரு படம், என்ன பிரச்சினை, எப்படித் தீர்கிறது, செய்ய உத்தேசமாக என்ன செலவு, மனு எண். கூடவே ஒரு நிமிட வீடியோ. கையால் பொறுக்கினால் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ, கருவியால் எத்தனை கிலோ, அதில் குப்பை எவ்வளவு என்று அளந்து எழுதிய கணக்கு இருந்தால் அதுவே உங்களுக்காகப் பேசும். சொந்தக்காரர் யாருக்காவது சிறு செம்பனைத் தோட்டம் இருந்தால் அங்கே தராசு வைத்து அளந்துவிடலாம்.

இந்தக் கட்டத்தில் உங்களைத் தேடி வருபவர்களிடம் மட்டும் கவனம். "உங்கள் யோசனை பிரமாதம், முன்பணம் கட்டுங்கள், உலகம் முழுக்க உரிமம் வாங்கித் தருகிறோம்" என்பார்கள். அமெரிக்காவில் வேர்ல்டு பேட்டண்ட் மார்க்கெட்டிங் என்ற நிறுவனம் கண்டுபிடிப்பாளர்களிடம் இப்படிப் பணம் வாங்கி ஏமாற்றியதாக 2017-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்து அதை மூட வைத்தது. உரிமம் எடுக்கும் நிறுவனம் உங்களுக்குத்தான் காசு தரும், உங்களிடம் கேட்காது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் கணக்கு. ராயல்டி பெரும்பாலும் மொத்த விலையில் 3 முதல் 7 விழுக்காடு என்ற அளவில் பேசப்படும். நம் உதிரிப்பழக் கூடையை நிறுவனம் கடைக்கு 60 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொடுக்கிறது, உங்களுக்கு 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 3 வெள்ளி. வருடத்துக்கு 3,000 விற்றால் 9,000 வெள்ளி, மாதத்துக்கு 750. வேலையை விட்டுவிடும் காசு அல்ல. ஆனால் பிள்ளையின் கல்லூரி வாடகைக்கு ஆகும், அதுவும் வருடாவருடம் வரும்.

விழுக்காட்டைப் பிடித்துச் சண்டை போடுபவர்கள் "நிகர விற்பனை" என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எதன் மேல் 5 விழுக்காடு? விளம்பரச் செலவு, கிடங்கு வாடகை, மேலாளர் சம்பளம் எல்லாம் கழித்த பிறகு என்றால் மிஞ்சுவது ஒன்றுமிருக்காது. திரும்பி வந்த சரக்கு, விற்பனை வரி, கடைக்குக் கொடுத்த தள்ளுபடி ஆகியவற்றை மட்டும் கழிக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள்.

தனி உரிமம் கேட்பார்கள். அதாவது வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுக்கலாம், ஆனால் விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகை வேண்டும். அது இல்லாத தனி உரிமம் ஆபத்து: போட்டி வராமல் இருக்கவே உங்கள் கண்டுபிடிப்பை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கலாம். இத்தனை மாதத்துக்குள் சந்தைக்குக் கொண்டுவராவிட்டால் உரிமை திரும்ப வந்துவிடும் என்ற வரியும் இருக்கட்டும். மலேசியாவுக்கு மட்டும் கொடுங்கள்; இந்தோனேசியாவைத் தனியாகப் பேசலாம்.

கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை கட்டாயம். முன்னே சொன்ன லோனி ஜான்சனுக்கு, குறைத்துக் கொடுத்த ராயல்டிக்காக, லராமியைப் பின்னால் வாங்கிய ஹாஸ்ப்ரோ நிறுவனம் சுமார் 7 கோடியே 29 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2013-இல் நடுவர் தீர்ப்பு வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே கணக்கு தகராறாகும் என்றால், மூன்று மாதத்துக்கு ஒரு விற்பனை அறிக்கை, வருடத்துக்கு ஒருமுறை கணக்காளரை அனுப்பிச் சரிபார்க்கும் உரிமை என்று நாம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சட்டப்படி உரிம ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கைகுலுக்கலும் வாட்ஸ்அப் செய்தியும் போதாது. கையெழுத்திட்டு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டுங்கள். கையெழுத்துக்கு முன் இந்தத் துறை தெரிந்த ஒரு வழக்கறிஞருக்கு ஒருமுறை காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

காசு வரத் தொடங்கிய பிறகு

ராயல்டிக்கு 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி வரி உண்டு. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் என்றால் பிஇ படிவத்தில், வழக்கமான ஏப்ரல் 30 கெடுவுக்குள் சேர்த்துக் காட்ட வேண்டும்.

பதிவை உயிரோடு வைத்திருக்க ஆண்டுக் கட்டணம் கட்டிக்கொண்டே வர வேண்டும். தவறினால் ஆறு மாத அவகாசம் உண்டு, அபராதத்தோடு. இதை நிறுவனம் கட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், ரசீதின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கட்டாமல் விட்டால் இழப்பது உங்கள் உரிமையை. காப்புரிமையும் சொத்துதான், வாரிசுக்குப் போகும். மனு எண், ஒப்பந்தத்தின் நகல், கட்டணத் தேதிகள், நிறுவனத்தில் பேச வேண்டிய ஆளின் எண் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.